அஞ்சல் குறியீடும் கணினிக் களஞ்சியமும்

மும்பை மாநகரில் மாஹிம் ரயில் நிலையத்திற்கு மேற்கே மாஹிமும், கிழக்கே தாராவியும் அமைந்துள்ளன. மாஹிமின் அஞ்சல் குறியீட்டெண் 400016, தாராவியினுடையது 400017. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை ஒன்றே ஒன்றுதான். கணினியில் விவரங்களைச் சேமிப்போர் அறிய வேண்டிய ஓர் உண்மையை இவ்வேற்றுமை நன்கு விளக்குகிறது.

விவரங்களைச் சேமிக்கும் முறைகளுள் ஒன்று, 'திறவு–மதிப்பு' முறை. கோயில் வாயிலில் காலணிகளைக் கொடுத்து வில்லை பெறுவதை இதற்கு ஒப்பிடலாம். வில்லையே திறவு, அதைக் காட்டிப் பெறும் பொருளே மதிப்பு. இவ்வகைக் களஞ்சியங்களுள் ஒன்றான 'ரெடிஸ்' என்பதை இத்தாலியரான சால்வதோரே சான்ஃபிலிப்போ 2009-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

ரெடிஸில் ஒரு திறவின் கீழ் எழுத்துச்சரம், பட்டியல், கணம் முதலிய பலவகை மதிப்புகளுள் ஏதேனும் ஒன்றை வைக்கலாம். அது எவ்வகையினது என்பதை 'டைப்' என்னும் கட்டளையால் அறியலாம். எழுத்துச்சரம் உள்ள இடத்தில் பட்டியலுக்குரிய கட்டளையை இட்டால், களஞ்சியம் 'வகை தவறு' என்று மறுத்துவிடும். உள்ளிருக்கும் மதிப்பு மாறுவதில்லை. ஆனால் 'செட்' என்னும் கட்டளை அத்தகையதன்று. முன்பிருந்தது எவ்வகையாயினும் அதனை அழித்துப் புதிய மதிப்பை அங்கே வைத்துவிடும்.

இனி, 'மாஹிம்' என்னும் திறவின் கீழ் 400016 என்பது வைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். வகையைக் கேட்டால், 'எழுத்துச்சரம்' என்றே விடை வரும். எனினும், ஒன்றைக் கூட்டும் 'இன்க்ர்' கட்டளையை எவரேனும் தவறுதலாக இட்டால், களஞ்சியம் மறுப்பதில்லை. இலக்கங்களால் மட்டும் ஆன சரத்தை அது முழு எண்ணாகவும் கையாளும். ஆகவே மதிப்பு 400017 ஆகிவிடும். மாஹிமுக்குச் செல்ல வேண்டிய மருந்துப் பொட்டலம் தாராவிக்குச் சென்று சேரும். இதற்குப் பின்னரும் வகையைக் கேட்டால், 'எழுத்துச்சரம்' என்னும் அதே விடைதான் கிடைக்கும்.

இதற்குக் காரணம் யாது? 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீடு, தோற்றத்தில் எண், பயனில் பெயர். முதல் மூன்று இலக்கங்கள் அஞ்சலைப் பிரிக்கும் மாவட்டத்தையும், கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சல் நிலையத்தையும் குறிக்கின்றன. பெயரோடு ஒன்றைக் கூட்டுவதில் பொருளில்லை. மும்பையின் தொலைபேசிக் குறியீடாகிய 022-உம் இத்தகையதே. அதனை எண்ணாக மாற்றினால் முன்னுள்ள சுழியம் மறைந்து 22 மட்டுமே எஞ்சும்.

எனவே, களஞ்சியம் கூறும் வகை, பாத்திரத்தின் வகையே அன்றி உள்ளிருக்கும் பண்டத்தின் பொருள் அன்று. 'அஞ்சல்:மாஹிம்' என்பது போலத் திறவின் பெயரிலேயே நோக்கத்தைக் குறித்தல் வேண்டும். மதிப்பு ஆறு இலக்கங்கள் கொண்டதா, ஊர்ப் பெயரோடு பொருந்துகிறதா என்று செயல்நிரலே சோதித்தல் வேண்டும். ஆறு இலக்கச் சோதனையை 400017-உம் எளிதில் கடந்துவிடும். ஊர்ப் பெயரோடு ஒப்பிடும் சோதனையே பிழையைக் காட்டிக்கொடுக்கும்.