சன்ஸ்கிரீன் மேல் மேக்கப் ஏன் திரிகிறது?

சன்ஸ்கிரீன் பூசி, அதன்மேல் ஃபவுண்டேஷனைத் தேய்த்ததும் கன்னத்தில் அழுக்குபோலத் திரிதிரியாக உருண்டு வருகிறதே, ஏன்?

சன்ஸ்கிரீன் தோல்மேல் சீரான படலமாகப் படிய வேண்டும். உலருமுன் தேய்த்தால் அந்தப் படலம் கிழிந்து உருளும். சிலிக்கோன் மிகுந்த கிரீமின்மேல் நீர்த்தன்மையுள்ள மேக்கப்பும் சரியாக ஒட்டாது.

எப்படித் தவிர்ப்பது? சில நிமிடம் உலரவிட்டு, ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிப் பூசினால் போதும். சில சன்ஸ்கிரீன்களில் உள்ள துத்தநாக ஆக்சைடு மாநிறத் தோலில் சாம்பல் பூத்ததுபோலத் தெரியும். இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள வகை அதை மறைக்கும்.

விலை? அதற்குமுன், எவ்வளவு பூச வேண்டும் என்று பார்ப்போம்.

எஸ்.பி.எஃப். 30 புறஊதா-பி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது. 50 சுமார் 98. ஆனால் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசினால்தான் இந்தப் பலன். முகத்துக்கும் கழுத்துக்கும் தினமும் இரண்டு விரல் நீளம் தேவைப்படுவதால், டியூப் விலையைவிடக் கிராம் விலையை ஒப்பிட்டு வாங்குவதே கட்டுப்படியாகும்.