மோட்டார் ஓடா வீதியில் மிதிவண்டி உலா

ஞாயிறு காலையில் மோட்டார் வண்டிகளை விலக்கி, வீதிகளை மக்களுக்கே விடும் வழக்கம் கொலம்பியா நாட்டுத் தலைநகரான பொகோட்டாவில் 1974-ஆம் ஆண்டு தொடங்கிற்று. இன்று அங்கு ஞாயிறுதோறும் நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகள் காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணிவரை மிதிவண்டிக்கும் நடைக்கும் உரியனவாகின்றன. நம் நாட்டில் 2013 நவம்பரில் குர்காவ் நகரில் ‘ராஹ்கிரி’ என்னும் பெயரால் இம்முயற்சி தோன்றி, மறு ஆண்டே தில்லிக்கும் பரவியது. ‘ராஹ்’ என்னும் இந்திச் சொல்லுக்கு வழி என்பது பொருள்.

இத்தகைய வீதியில் கூட்டமாக மிதிவண்டி செலுத்துவதற்கும் ஒரு முறை உண்டு. வழி அறிந்த ஒருவர் முன்னே செல்வார். மற்றொருவர் எல்லோருக்கும் பின்னே வருவார். மெல்லச் செல்பவரின் வேகமே அனைவருக்கும் அளவு. ஆகவே சிறுவரும் முதியவரும் அச்சமின்றிச் சேர்ந்துகொள்ளலாம்.

ஆயினும், ஞாயிறு கழிந்தால் திங்கள் வரும். அன்று அதே சாலையில் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் இடையே மிதிவண்டியில் வேலைக்குச் செல்லும் தொழிலாளர் பலர். பிழைப்பை நாடி வேற்று மாநிலம் வந்த நம்மவரும் அவர்களுள் உளர். அவர்களுக்கு வேண்டுவது நாள்தோறும் காப்பளிக்கும் தனிப் பாதை. ஞாயிறு உலாவில் கலந்துகொள்ளும் நாம் அப்பாதையையும் சேர்த்துக் கேட்போமாயின், அவ்வுலாவின் பயன் நிறைவுறும்.