உங்களுக்குத் தெரியுமா? எருமைக் கொட்டிலில் சென்சார்

◆ பசு பருவத்துக்கு வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். ஓயாமல் கத்தும், பக்கத்து மாட்டின் மேல் தாவும். எருமை அவ்வளவு எளிதில் காட்டிக்கொடுக்காது. கத்தினாலும் கொஞ்சம்தான், தாவுவது அபூர்வம். போதாக்குறைக்கு, அந்தச் சிறு அறிகுறிகளும் பெரும்பாலும் இரவிலோ விடிவதற்கு முன்போதான் தென்படும். கண்ணில் படாமல் போனால் அடுத்த பருவத்துக்குச் சுமார் 21 நாள் ஆகும்; அதுவரை தீவனச் செலவு நிற்காது. காலில் கட்டிய சென்சாருக்குத் தூக்கம் கிடையாது. நள்ளிரவில் எருமை வழக்கத்தைவிடக் கூடுதலாக நடமாடினால் செல்போனுக்குச் செய்தி வரும், காலையில் சினை ஊசிக்கு ஆள் அனுப்பலாம். ஒரே சிக்கல், பசுவுக்கென்று வகுத்த கணக்கை எருமைக்கும் அப்படியே வைத்தால் பல பருவங்கள் தப்பிப்போகும். எருமைக்கென்று தனிக் கணக்கு உண்டா என்பதுதான் கருவி வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

◆ கழுத்தில் கட்டும் சென்சார் பட்டை, மாடு அசைபோடும் நேரத்தையும் கணக்கிடும். அது சட்டெனக் குறைந்தால் நோயாக இருக்கலாம், கன்று ஈனும் நேரம் நெருங்கியதாகவும் இருக்கலாம். எது என்று மாட்டைப் போய்ப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

◆ வாய்வழியாக விழுங்கவைக்கும் சென்சார் குளிகை ஒன்று உண்டு. இரைப்பையிலேயே தங்கி உடல் வெப்பத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். எருமை தண்ணீர் குடித்ததும் வெப்ப அளவு இறங்கிவிடும் என்பதால், எத்தனை முறை குடித்தது என்பதும் தெரிந்துவிடுகிறது!

◆ பசு மடியில் சுரந்த பாலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கீழறையில் தயாராக இருக்கும். எருமைக்கு அது 5 சதவீத அளவுதான். மிச்சமெல்லாம் மேலே நுண்ணறைகளில் நிற்கும். அது இறங்கக் கன்று முட்ட வேண்டும், அல்லது மடியை நன்றாகத் தடவிக்கொடுக்க வேண்டும். இப்படிப்பட்ட எருமையிடம் ரோபோ பால் கறக்கிறது என்றால் நம்புவது கடினம். இத்தாலியின் கம்பானியா பகுதியில் கறக்கிறது. 1996-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயர் பெற்ற எருமைப்பால் மொசரெல்லாவின் தாய்மண் அது. அங்கே பேஸ்டம் அருகிலுள்ள வன்னுலோ பண்ணையில் எருமைகள் தமக்குத் தோன்றும்போது தாமே கறவை மேடைக்கு நடந்து வருகின்றன. கொட்டிலில் இசை வேறு!

◆ மடிநோய் தொடங்கும்போது பாலில் சோடியமும் குளோரைடும் கூடும். உப்பு கூடினால் மின்சாரம் எளிதாகப் பாயும். பால் திரிவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கறவைக் கருவியின் மீட்டர் இதைக் காட்டிவிடக்கூடும்.

◆ எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு, ஆகவே சேற்றுக் குட்டையை விடாது. மாட்டிய கருவியும் கூடவே குளிக்கும். தண்ணீர் புகாத உறை இல்லையென்றால் வாங்காதீர்கள்.

◆ 2019 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எருமைகள் சுமார் 10.98 கோடி. அவற்றுக்கும் காது வில்லையில் 12 இலக்க எண் தருகிறார்கள். வில்லை அறுந்து விழலாம். மூக்கு நுனியின் வரிகள் மாறா, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இராது. கேமராவில் படமெடுத்தே அடையாளம் காணலாம். எடுக்குமுன் மூக்கைத் துடைத்துவிட வேண்டும், எந்நேரமும் ஈரமாகவே இருக்கும்.