கம்பி இல்லாத புலிக்கூண்டு!

பேராவூரணியிலிருந்து சென்னைக்குப் போகிற குடும்பங்கள் பல, வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கும் ஒரு நடை போய்வரும். பிள்ளைகள் புலியைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார்கள். பெரியவர்களுக்கும் ஆசைதான்; வெளியே சொல்ல மாட்டார்கள்.

ஆனால், உள்ளே போனதும் சிலருக்கு ஏமாற்றம்.

"என்ன இது, ஒரே காடாக இருக்கிறதே! புலி எங்கே?"

புலி அங்கேதான் இருக்கிறது. புதருக்குப் பின்னால் படுத்திருக்கிறது. அது மறைந்து படுக்க ஒரு புதர் வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடமே அப்படி அமைக்கப்பட்டது.

உயிர்க் காலேஜ்

சென்னை மிருகக்காட்சி சாலைக்கு வயது மிக அதிகம். 1855-ம் ஆண்டு, எட்வர்டு பால்பர் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் அதைத் தொடங்கினார். முதலில் எழும்பூர் அருங்காட்சியகத்திலேயே பிராணிகள் இருந்தன. சில ஆண்டுகளுக்குப் பிறகு அவை சென்டிரல் ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள பூங்காவுக்கு மாற்றப்பட்டன.

அந்தக் காலத்துச் சென்னைவாசிகள் வேடிக்கையாகப் பெயர் வைத்தார்கள். அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலை 'உயிர்க் காலேஜ்'!

பெயரில் உயிர் இருந்தது. கூண்டுக்குள் இருந்தது சிமெண்டுத் தரையும் இரும்புக் கம்பியும். ஒரு பக்கம் மூர் மார்க்கெட் கூட்டம். இன்னொரு பக்கம் ரெயில் இரைச்சல். நகரம் வளர்ந்தது, கூண்டு வளரவில்லை.

சின்னக் கூண்டில் அடைபட்ட புலி என்ன செய்யும்? இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டே இருக்கும். 'ஆகா, எவ்வளவு சுறுசுறுப்பு!' என்று பார்ப்பவர்கள் வியப்பார்கள். அது சுறுசுறுப்பு அல்ல; மனம் நொந்த பிராணி செய்கிற காரியம்.

180 வேலி நிலம்

இனி இங்கே சரிப்படாது என்று தெரிந்தது. நகருக்குத் தெற்கே, வண்டலூர்க் காட்டில் 1,200 ஏக்கருக்கு மேல் ஒதுக்கப்பட்டது. தஞ்சாவூர்க் கணக்கில் சொன்னால் 180 வேலிக்கும் அதிகம். பழைய பூங்கா முழுவதும் சேர்ந்தே 17 வேலிதான். அதில் ஒரு மூலையில்தான் மிருகங்கள் இருந்தன!

1979-ல் வேலை தொடங்கியது. முள்ளும் புதருமாகக் கிடந்த இடத்தில் மரக்கன்றுகள் நடப்பட்டன. 1985-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி, அப்போதைய முதல்-அமைச்சர் எம்.ஜி.ஆர். அதைத் திறந்து வைத்தார். அதுதான் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா.

தாண்டாதா?

அங்கே புலிக்கும் மனிதனுக்கும் நடுவே கம்பி இல்லை. அகழிதான் இருக்கிறது. கோட்டையைச் சுற்றி அகழி வெட்டினார்களே, அதே வித்தைதான்!

இதை உலகத்துக்குக் காட்டியவர் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் ஹாகன்பெக். அவர் மிருக வியாபாரி. எந்த மிருகம் எவ்வளவு தூரம் தாண்டும் என்று முதலில் சோதித்துப் பார்த்தார். அதற்கு மேல் அகலமாக அகழி வெட்டினார். 1907-ல் ஹாம்பர்க் நகரில் அவருடைய பூங்கா திறக்கப்பட்டது. எதிரே சிங்கம் நிற்கிறது, நடுவே கம்பியைக் காணோம்! வந்தவர்கள் திகைத்துப் போனார்கள்.

எல்லா மிருகத்துக்கும் ஒரே அகழி ஆகாது. யானைக்குத் தாண்டத் தெரியாது. குறுகிய பள்ளமே போதும். சிம்பன்சிக் குரங்குக்கு நீந்தத் தெரியாது. தண்ணீரே அதற்கு வேலி. புலி நன்றாக நீந்தும். அதனால் அதற்குத் தண்ணீர் மட்டும் போதாது. அகழியின் இந்தப் பக்கத்துச் சுவர் செங்குத்தாக, உயரமாக எழும்பி நிற்கவேண்டும்.

ஆனால், மனிதன் அந்தப் பக்கம் போய்விட்டால் அகழி காப்பாற்றாது. 2014 செப்டம்பரில் டெல்லி மிருகக்காட்சி சாலையில் ஒரு வாலிபர் வெள்ளைப் புலியின் அகழிக்குள் விழுந்து உயிரை இழந்தார். பிள்ளையைத் தூக்கிக் கைப்பிடிச் சுவரில் உட்கார வைக்கிற அப்பாக்கள் இதை மறக்கக் கூடாது.

ஒரே நாளில்

பேராவூரணிக்காரர்களுக்கு மரம் விழுவதைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வீசியது. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்புகள் தரையில் கிடந்தன. பிள்ளையைப் போல வளர்த்த மரங்கள்!

வண்டலூருக்கு அந்த நாள் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. 2016 டிசம்பர் 12-ந் தேதி வார்தா புயல். முப்பது ஆண்டுக்கு மேலாக வளர்ந்த மரங்கள், ஆயிரக்கணக்கில், ஒரே நாளில் சாய்ந்தன. பாதைகள் அடைபட்டன. வேலிகளும் அடைப்புகளும் சேதம் அடைந்தன. பூங்காவை வாரக்கணக்கில் மூட வேண்டியதாயிற்று.

கம்பிக் கூண்டு உடைந்தால் கொல்லரைக் கூப்பிட்டு ஒட்டவைக்கலாம். நிழல் போய்விட்டால் எந்தக் கொல்லரைக் கூப்பிடுவது? மறுபடியும் குழி தோண்டினார்கள். கன்று நட்டார்கள். தென்னம்பிள்ளையை மறுபடி ஊன்றியவர்களுக்கு அந்த வேலையின் பாரம் தெரியும். கன்று வளர்ந்து நிழல் தரும்வரை மிருகமும் காத்திருக்க வேண்டும், மனிதனும் காத்திருக்க வேண்டும்.

எப்போது போகலாம்?

காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பு போவது நல்லது. அப்போதுதான் புலி எழுந்து நடமாடும். உச்சி வெயிலில் அதுவும் நம்மைப் போல நிழல் தேடிப் படுத்துவிடும். கல் எறிந்து எழுப்பப் பார்க்கிறவர்கள் உண்டு. பக்கத்தில் நிற்கிறவர்கள்தான் தடுக்கவேண்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை, நெடுந்தூரம் போய்த் திரும்பி வராதீர்கள்.

ஓட்டேரி ஏரியையும் பாருங்கள். பூங்காவுக்கு உள்ளேயே இருக்கிறது. தண்ணீர் நிற்கும் காலத்தில் நீர்க்காகம், கொக்கு, அரிவாள் மூக்கன் எல்லாம் அங்கே வந்து இறங்கும். நம் ஊர் வயலிலும் ஏரியிலும் பார்க்கிற அதே பறவைகள். அவற்றை யாரும் பிடித்துவந்து விடவில்லை. தாமாக வந்தவை.