ஜனாதிபதியைத் தெரிவு செய்வது யார்?

"யார் வந்தா நமக்கென்ன, கொழுந்து எடுத்தாத்தானே சோறு?" என்று லயத்தில் பேசிக்கொள்கிறோம். ஆனால் வருபவரைத் தெரிவு செய்வது யார் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1978 அரசியலமைப்பின்படி ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தெரிவு செய்கிறோம். முதல் தேர்தல் 1982இல் நடந்தது. பதவி இடையில் வெற்றிடமானால், மீதிக் காலத்துக்குப் பாராளுமன்றம் ஒருவரைத் தெரிவு செய்யும். 1993இல் டி.பி. விஜேதுங்கவும் 2022இல் ரணில் விக்கிரமசிங்கவும் அப்படி வந்தவர்களே. ரணிலுக்குக் கிடைத்தது 134 உறுப்பினர்களின் வாக்கு.

அமெரிக்காவில் மக்கள் வாக்களித்தாலும், முடிவு செய்வது 538 தேர்வாளர்கள். 2016இல் ஹிலாரி கிளின்டனுக்கு மக்கள் வாக்கு அதிகம். ஜனாதிபதியானவரோ டொனால்ட் டிரம்ப்.

பாராளுமன்றமே தெரிவு செய்தால் செலவு குறையும், ஜனாதிபதியும் அதற்குக் கட்டுப்பட்டு நடப்பார் என்பார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் நம்ம மாத்தளை மாவட்டத்துக்கு 5 ஆசனங்கள்தான். சிதறிக் கிடக்கிற தோட்டத்து வாக்கால் அதில் ஒன்றைப் பிடிப்பதே கஷ்டம். ஜனாதிபதித் தேர்தலிலோ எல்கடுவையில் போடும் வாக்கும் கொழும்பில் போடும் வாக்கும் சமம். 2024இல் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல், 2ஆம், 3ஆம் விருப்பு வாக்குகளையும் எண்ண வேண்டி வந்தது. அத்தனை பெறுமதி ஒவ்வொரு சீட்டுக்கும்!

1948 குடியுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து நம் பாட்டன், பாட்டிமார் வாக்குரிமையை இழந்தார்கள். அதை மீட்க எத்தனையோ வருஷம் போராட வேண்டியிருந்தது. ஆகவே, வாக்காளர் இடாப்பில் பேர் இருக்கா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுப் பாருங்கள். 18 வயதான பிள்ளைகளின் பேரையும் மறக்காமல் பதியுங்கள்.