1975-ஆ, 1976-ஆ? கிரேட் இன்ஜின் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

நண்பர் ஒருவர் கலிஃபோர்னியாவில் 1978-ம் வருடத்து செவர்லே கமேரோ ஒன்றை வாங்கி, வார இறுதிகளில் தட்டிக் கொட்டிக்கொண்டிருந்தார். பழைய இன்ஜின் புகை கக்கியது. அதைப் பிரித்து மேய்வதைவிடப் புதிதாக ஒரு கிரேட் இன்ஜின் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார். கிரேட் என்றால் மரப்பெட்டி; மரச்சட்டத்தில் முடுக்கி, பிளாஸ்டிக் சுற்றி, லாரியில் வந்து இறங்குவதால் அந்தப் பெயர். அவர் வாங்கியது எல்எஸ்3. 6.2 லிட்டர், 430 குதிரைத்திறன். மாட்டியும் முடித்தார். ஸ்மாக் எனப்படும் புகைப் பரிசோதனைக்குப் போன அன்று போனில் சொன்னார்: "அண்ணா, வண்டி பறக்குது. ரோட்ல ஓட்டத்தான் முடியாதாம்."

அவருடைய கார் மூன்று வருடம் முந்தையதாக இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. 1975 வரையிலான மாடல் பெட்ரோல் கார்களுக்கு அந்த மாநிலத்தில் ஸ்மாக் பரிசோதனை கிடையாது. 1976 முதல் உண்டு. இன்ஜினை மாற்றினால் கூடுதலாக, மாநில வாகனப் பழுதுபார்ப்புத் துறையின் ரெஃபரியிடம் வண்டியைக் காட்ட வேண்டும். போடுகிற இன்ஜின் காரின் மாடல் வருடத்ததாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். அந்த இன்ஜினோடு ஆலையில் என்னென்ன புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் வந்தனவோ, அத்தனையும் இருக்க வேண்டும். பலர் வழுக்கி விழுவது இந்த இரண்டாவது விதியில்தான். இன்ஜின் புதியது, சுத்தமாக எரிகிறது, புகைக்குழாயில் கைக்குட்டையை வைத்தால்கூடக் கறுக்காது என்றெல்லாம் வாதாடிப் பயனில்லை. கேடலிட்டிக் கன்வர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கேனிஸ்டர் எல்லாம் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

அதே எல்எஸ்3-ஐ இந்தச் சாதனங்களோடு, மாநிலக் காற்றுவள வாரியத்தின் ஒப்புதல் எண்ணுடன் ஜெனரல் மோட்டார்ஸ் 'இ-ராட்' என்ற தொகுப்பாக விற்றது. விலை அதிகம். நண்பர் பார்த்தது விலையை மட்டும். அவர் வாங்கிய பெட்டியின் விவரக்குறிப்பிலோ, சாலைப் பயன்பாட்டுக்கு அல்ல என்று பொடி எழுத்தில் இருந்தது. விற்றவர் ஏமாற்றினார் என்று வழக்குப் போட அதன்பின் இடமேது? ஆகவே, இணக்கச் சான்று உண்டா, ஒப்புதல் எண் என்ன, என் காரின் வருடத்துக்கு அது பொருந்துமா என்ற மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வாய்வார்த்தை காற்றோடு போகும்.

இனி பெட்டி வந்து இறங்கும் நேரம். லாரிக்காரர் அவசரப்படுத்துவார், கையெழுத்துப் போடச் சொல்வார். நிதானமாகச் சுற்றிப் பாருங்கள். சட்டம் உடைந்திருந்தாலோ ஆயில் பேன் நசுங்கியிருந்தாலோ டெலிவரிச் சீட்டிலேயே எழுதிவிட்டு, படமும் எடுத்த பிறகு கையெழுத்திடுங்கள். சொன்ன தேதியில் சரக்கு வரவில்லை என்றால் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் விதி கைகொடுக்கும். தேதியே சொல்லாமல் விற்றால் பொதுவாக 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். தாமதமானால் காத்திருக்கிறீர்களா, பணம் திரும்ப வேண்டுமா என்று கேட்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. வாரண்டியின் முழு விதிகளையும் வாங்கும் முன்பே படிக்கக் கேட்கும் உரிமையும் உண்டு. 1975-ல் வந்த மேக்னஸன்-மாஸ் சட்டத்தின் பயன் அது. வாரண்டி வாங்கிய நாளிலிருந்து ஓடுகிறதா, மாட்டிய நாளிலிருந்தா என்று முதலில் பாருங்கள். கராஜில் ஒன்றரை வருடம் பெட்டியைப் பிரிக்காமல் வைத்துக் கொஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வாரண்டி பெரும்பாலும் சாவது மாட்டுகிற வேலையில். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் டார்க் கன்வர்ட்டரைக் கையால் அழுத்திச் சுழற்ற வேண்டும். 'டக்' என்று ஒருமுறை உள்ளே இறங்கும், பிறகு இன்னொருமுறை. முழுதாக இறங்காத நிலையில் போல்ட்டைப் போட்டு இழுத்து முடுக்கினால் கியர்பாக்ஸ் பம்ப் உடையும், புது இன்ஜினின் த்ரஸ்ட் பேரிங் தேயும். கம்பெனி பிரித்துப் பார்த்துவிட்டு 'மாட்டியவர் தவறு' என்று எழுதிக் கொடுக்கும், அது நியாயமும்கூட. ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் பிரஷர் ஏற்றாமல் விடுவது அடுத்த தப்பு. பழைய பாணி ஃபிளாட் டாப்பெட் கேம் உள்ள இன்ஜின் என்றால், முதல் 20 நிமிடம் 2,000-லிருந்து 2,500 ஆர்.பி.எம்-மில் ஓட்ட வேண்டும், ஐட்லிங்கில் விடக்கூடாது. எல்எஸ்3-க்கு ரோலர் கேம் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதற்கு 58 பிஎஸ்ஐ பெட்ரோல் அழுத்தம் தேவை. கார்புரேட்டர் காலத்து பம்ப் தருவது ஆறேழு. லைன், டேங்க், ரேடியேட்டர், பிரேக் என்று செலவு பின்னாலேயே வரிசை கட்டும்.

ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கிறீர்களா? கலிஃபோர்னியாவில் வேலை தொடங்கும் முன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். உங்கள் சம்மதமின்றி அதற்கு மேல் பில் போட முடியாது. பிணக்கு வந்தால் ரெஃபரியை நடத்தும் அதே துறையில் புகார் செய்யலாம். சிறு வழக்கு நீதிமன்றத்தில் தனிநபர் 12,500 டாலர் வரை வக்கீல் இல்லாமலே கேட்கலாம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், பொருள் வராத தொகையை ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள் வங்கியிடம் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் இன்ஜின் மாறியதைச் சொல்லிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் இன்ஜின் மாற்ற ஆசைப்படுகிறவர்களுக்கு வழியே வேறு. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 திருத்தத்துக்குப் பின், விதியை மீறிய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு.

நண்பர் பிறகு கண்ட்ரோலரிலிருந்து கேனிஸ்டர் வரை மறுபடி வாங்கிப் பூட்டினார். சென்ற மாதம் ஒரு படம் அனுப்பினார். இன்ஜின் தெரியவில்லை, சக்கரம் தெரியவில்லை; ரெஃபரி ஒட்டிய ஸ்டிக்கர் மட்டும், அதுவும் கொஞ்சம் ஆடிப்போன படம்.