பந்து பொறுக்கும் பிள்ளைகளுக்கும் மைதானத்தில் இடம் வேண்டும்

வடக்கு, கிழக்கின் கரையோரக் கிராமமொன்றின் மைதானத்துக்கு மாலை வேளையில் சென்றால் வழமையான காட்சியொன்றைக் காணலாம். இளைஞர்கள் நடுவே விளையாடிக்கொண்டிருப்பார்கள். கோல் கம்பத்தின் பின்னால் ஏழெட்டு வயதுச் சிறுவர்கள் சிலர் நின்று, வெளியே போகும் பந்தைப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பந்தைத் திருப்பி உதைக்கும் கணமே அன்றைய தினம் அவர்களுக்குக் கிடைக்கும் விளையாட்டாகும். எமது பிரதேசங்களில் உதைபந்தாட்டம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் சென்றது பெரும்பாலும் இவ்வாறுதான்.

எம்மிடம் இவ்விளையாட்டின் பாரம்பரியம் இல்லையென எவரும் கூறமுடியாது. நாவாந்துறை, பாசையூர், இளவாலை, மன்னார், புத்தளம், கற்பிட்டி, கொழும்பின் ஜாவா லேன் என உதைபந்தாட்டத்தோடு பிணைந்த ஊர்கள் பல உள்ளன. இலங்கை 1952 ஆம் ஆண்டு முதல் பீபாவின் உறுப்பு நாடாகும். 1995 ஆம் ஆண்டு கொழும்பில் நடைபெற்ற தெற்காசியக் கிண்ணப் போட்டியின் இறுதியாட்டத்தில் இந்தியாவை வென்று சம்பியனானது. அதன் பின்னர் ஏற்பட்ட வீழ்ச்சி தரவரிசையின் அடித்தளம் வரை சென்றதுடன், 2023 ஜனவரியில் பீபா விதித்த இடைநிறுத்தம் அவ்வாண்டு ஓகஸ்ட் வரை நீடித்தது. இதற்கு நிர்வாகத்தை மாத்திரம் குறை கூறிவிட்டு இருந்துவிட முடியாது. கூரையைப் பற்றி விவாதிக்கும் நாம் அத்திவாரத்தைப் பற்றிச் சிந்திக்கவில்லை.

அடிமட்ட உதைபந்தாட்டம் எனப்படுவது அந்த அத்திவாரமேயாகும். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான ஆண், பெண் பிள்ளைகள் அனைவரையும், திறமை பார்த்துத் தெரிவு செய்யாமல், விளையாட்டுக்குள் அழைத்து வருவதே அதன் நோக்கம். பாடசாலை அணிக்கு ஆள் தேடுவது வேறு. பிள்ளைகளை விளையாடச் செய்வது வேறு. முன்னையதில் பதினொரு பேர் உள்ளே நிற்க ஏனையோர் வீடு திரும்புவர். பின்னையதில் வீடு திரும்ப வேண்டியவர் எவருமில்லை.

இதன் செய்முறை கடினமானதன்று. பெரிய மைதானத்தில் பதினொருவருக்குப் பதினொருவர் ஆடும்போது சிறு பிள்ளைகள் ஒரே பந்தைச் சுற்றி மொய்ப்பார்கள். வலியவர் உதைப்பார், மற்றவர் பின்னால் ஓடுவார். அதே மைதானத்தைப் பல சிறு கட்டங்களாகப் பிரித்து, நால்வருக்கு நால்வர் ஆடவிட்டால் ஒவ்வொரு பிள்ளையின் காலுக்கும் பந்து பலமுறை வரும். இக்காரணத்தினாலேயே உலகக் கிண்ணத்தை நான்கு தடவைகள் வென்ற ஜேர்மனி, 2024 ஆம் ஆண்டின் பருவகாலம் முதல் மிகச் சிறிய வயதுப் பிரிவுகளில் இருவருக்கு இருவர், மூவருக்கு மூவர் போன்ற ஆட்டங்களைக் கட்டாயமாக்கிப் புள்ளிப்பட்டியலையும் நீக்கியது.

பந்தும் பிள்ளைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வளர்ந்தோர் ஆடும் ஐந்தாம் இலக்கப் பந்து 410 முதல் 450 கிராம் வரை நிறையுடையது. ஆறேழு வயதினருக்கு மூன்றாம் இலக்கமும், ஒன்பது வயதளவிலிருந்து நான்காம் இலக்கமுமே பொருத்தமானவை. எல்லை குறிக்க விலை கொடுத்துக் கூம்புகள் வாங்க வேண்டியதில்லை. தேங்காய்ச் சிரட்டைகள் போதும். ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படாத பயிற்சி, இடையிடையே குடிநீர், வெயில் தணிந்த நேரம் என்பன அவசியம். தலையால் பந்தை மோதும் பயிற்சியைச் சிறுவர்களுக்குக் கொடுக்கலாகாது. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவற்றின் சங்கங்கள் ஆரம்பப் பாடசாலை வயதினருக்கு அப்பயிற்சி வேண்டாமென 2020 ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்திவிட்டன.

முக்கியமானது பயிற்றுநரின் தரம். ஐஸ்லாந்தின் சனத்தொகை யாழ். மாவட்டத்தின் சனத்தொகையை விடக் குறைவு. அங்கு சிறு பிள்ளைகளையும் தகைமை பெற்ற பயிற்றுநர்களே பயிற்றுவிக்கின்றனர். அந்நாடு 2016 ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தில் இங்கிலாந்தை வென்று காலிறுதிக்கும், 2018 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்கும் சென்றது. எம்மிடையேயோ சிறந்த பயிற்றுநர் பெரியவர்களுக்கு, யாராவது ஒருவர் சிறுவர்களுக்கு என்ற நிலையே பரவலாகக் காணப்படுகின்றது.

பெற்றோரின் தயக்கத்தையும் புறந்தள்ள முடியாது. தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை பிள்ளையின் மாலைப் பொழுதையும் வார இறுதியையும் தனியார் வகுப்புக்குக் கொடுத்துவிட்டது. கிழமைக்கு இரண்டு மாலைகளை விளையாட்டுக்குத் தருவதனால் கல்வி கெட்டுவிடாது. முஸ்லிம் கிராமங்களில் அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரமும், ஏனைய கிராமங்களில் அறநெறி வகுப்புக்கு இடையூறில்லாத நேரமும் இதற்குப் போதுமானவை. போதைப்பொருளைக் குறித்துக் கவலைப்படும் சமூகம், பிள்ளை பதினைந்து வயதை அடையும் வரை காத்திராமல் ஏழு வயதிலேயே அவனுக்கு ஒரு மைதானத்தையும் நல்ல மூத்தவர் ஒருவரையும் காட்டிக்கொடுப்பதே அறிவுடைமை.

பெண் பிள்ளைகளை மறந்துவிடலாகாது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் தேசிய மட்டத்தில் ஈட்டிய வெற்றிகள் எமது மண்ணில் இது இயலும் என்பதற்குச் சான்று. முக்காடு அணிந்து ஆடுவதற்கு 2014 ஆம் ஆண்டு சர்வதேச விதிகளிலேயே அனுமதி வழங்கப்பட்டுவிட்டது. பெண் பயிற்றுநர்களும் மறைவான உடைமாற்றும் இடமும் இருப்பின் பெற்றோரின் தயக்கத்தில் பாதி அகன்றுவிடும்.

பாதுகாப்பு விடயத்தில் சமரசத்துக்கு இடமில்லை. கோல் கம்பங்கள் சாயாதபடி நிலத்தில் உறுதியாகப் பொருத்தப்பட வேண்டும். பயிற்சி திறந்த வெளியில், பெற்றோர் பார்வையில் இடம்பெற வேண்டும். ஒரு பிள்ளையுடன் தனித்திருக்கப் பயிற்றுநர் எவருக்கும் இடமளிக்கலாகாது. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் மைதானத்தின் அறிவித்தல் பலகையில் எழுதப்பட்டிருப்பது நல்லது.

கிழக்குக் கரையோரத்தில் தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்துள்ளன. 1990 ஆம் ஆண்டு வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம்களின் குடும்பங்கள் சில மீளத் திரும்பியுள்ளன. ஒரே மொழி பேசும் இப்பிள்ளைகள் வெவ்வேறு பாடசாலைகளில் பயின்று, ஒருவரையொருவர் அறியாமலேயே வளர்கின்றனர். ஊருக்கு எதிராக ஊர் ஆடும் சுற்றுப்போட்டி சில வேளைகளில் கைகலப்பிலேயே முடிந்திருக்கின்றது. எட்டு வயதுப் பிள்ளைகளை ஊர் பாராமல் கலந்து நால்வர் நால்வராகப் பிரித்துவிட்டால், அவர்கள் கேட்கும் ஒரே கேள்வி பந்து யாரிடம் என்பதாகவே இருக்கும்.

இதற்குப் பெருநிதி தேவையில்லை. பிரதேச சபை மைதானத்தைக் கிழமையில் இரு மாலைகள் சிறுவர்களுக்கென ஒதுக்கட்டும். சனசமூக நிலையங்களும் பள்ளிவாசல், ஆலய நிர்வாகங்களும் பத்துப் பந்துகளை வாங்கிக் கொடுக்கட்டும். கழகங்கள் தமது மூத்த வீரர்களுள் ஓரிருவரைப் பயிற்சிநெறிக்கு அனுப்பட்டும். கோல் கம்பத்தின் பின்னால் நிற்கும் அச்சிறுவர்களை உள்ளே அழைப்பதற்கு வேறெதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.